வெள்ளைச் சொட்டு

என் மனைவி யூஜினியா இறந்த பிறகு எங்கள் புஞ்சாக் ஆலாம் வீட்டில் சோறு வேகவில்லை. என் சமையல் சுடுதண்ணீரோடு முடிந்துவிடும். மூன்று வேளையும் கடைப் பொட்டலம்தான். பிளாஸ்டிக் பூவைக்கூட வாடவைக்கும் கை என்னுடையது. ஆனாலும் அவள் வளர்த்த ஆர்க்கிட் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

பக்கத்து வீட்டு அஜீஸா வேலியோரம் வந்து கேட்டாள்.

"என்னா உரம் போடுறீங்க, அங்கிள்?"

"ஒன்னும் இல்லம்மா, பைப்புத் தண்ணிதான்."

"பொய் சொல்லாதீங்க லா! அரிசி கழுவுன தண்ணி சொட்டுது பாருங்க. ஆன்ட்டியும் இதானே ஊத்துவாங்க."

குனிந்து பார்த்தேன். தொட்டியின் அடியில் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

வெற்று மேலோடு சாப்பிட உட்கார்ந்தால் யூஜினியாவுக்குப் பிடிக்காது. அன்றிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

போன வாரம் சொட்டு தெளிந்துவிட்டது. மொட்டுகள் உதிர்ந்தன. மறுபடியும் தனியாகிவிட்டேனோ என்று பகீரென்றது. அவள் நிரப்பி வைத்துவிட்டுப் போன அரிசி டின்னை முதல்முறையாகத் திறந்தேன். அடிவரை காலி.

நெல் விளையும் தஞ்சோங் காராங் வரை போய் ஒரு மூட்டை அரிசி வாங்கிவந்து டின்னை நிரப்பினேன்.

மறுநாள் காலை தொட்டி வெள்ளையாகச் சொட்டியது. நான் உள்ளே போய்ச் சட்டையைத் தேடினேன்.