புளி போட்டுத் துலக்கிய செம்பு

நூற்றைம்பது வருஷத்துக் கறுப்பை அன்னபாக்கியம் பத்தே நிமிஷத்தில் துலக்கிவிட்டாள்.

பித்தளைச் செம்பு. இலங்கை மலைத் தோட்டமொன்றில், கூலிகள் அடைந்து கிடந்த லயத்தைத் தோண்டியபோது கிடைத்ததாம். அடிமை முறையை ஒழித்து, அதற்கே ஒப்பந்தம் என்று பேர் மாற்றி வைத்த காலத்துச் சாமான். அந்தக் கறுப்பைக் காப்பாற்றத்தான் மூன்று நிபுணர்கள் விமானம் ஏறி வந்திருந்தார்கள்.

நாளைக்குத் திறப்பு விழா. மந்திரி வருகிறார். கண்காட்சிக்குப் பெயர் ‘விலங்கொடித்த மனிதர்’.

மியூசியத்தின் கதவுப் பிடிகளுக்கு அவள் புளிதான் போடுவாள். எல்லாரும் மெச்சுவார்கள். மேசையில் கறுத்துக் கிடந்த செம்பைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? மந்திரி வருகிற இடத்தில் இப்படியா வைப்பது என்று நினைத்தாளாம்.

நான் கிளீனிங் சூப்பர்வைசர். ஊர்க்காரி ஆயிற்றே என்று இரக்கப்பட்டு அவளை இந்த வளைகுடா நாட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான். நல்லதுக்குக் காலமில்லை.

மகள் ஜிஷாவுக்குத் தலைப்பிரசவம், வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயாக வேண்டும் என்று ஒரு மாதமாக என் பின்னால் நடக்கிறாள். நானா தடுக்கிறேன்? விழா முடியட்டும், லீவு தரவேண்டியது ஆபீஸ், என் கையில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகத்தான் சொல்லி வந்தேன். இப்போது என் வயிற்றிலும் புளியைக் கரைத்துவிட்டாள்.

கியூரேட்டர் அம்மா ஓடி வந்து தலையில் கை வைத்தாள். பிறகு செம்பின் கழுத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

கழுத்தைச் சுற்றி வரிசையாகப் புள்ளிகள். கறுப்புக்கு வெளியே தெரிந்த நாலைந்து புள்ளிகளை வைத்து, ‘சடங்குக் குறிகள்’ என்று நிபுணர்கள் ஏற்கெனவே அட்டை எழுதியாயிற்று.

பாத்திரத்தில் பேர் வெட்டிய புள்ளி என்று நம்மூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அன்னபாக்கியம் விரலால் தடவி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். மூக்கன் கங்காணி.

கங்காணி என்றால் யார் என்று கியூரேட்டர் கேட்டாள். அங்கே இங்கிலீஷ் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தானே. மக்கள் தலைவர் என்று மரியாதையாகவே மொழிபெயர்த்தேன். கண் கலங்கக் குறித்துக்கொண்டாள்.

அன்னபாக்கியம் இல்லையென்று தலையாட்டினாள். கியூரேட்டர் அவள் பக்கம் திரும்பினாள். அன்னபாக்கியத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் அஞ்சாறு வார்த்தை.

“சூப்பர்வைசர், மேடம்,” என்று என்னைக் கை காட்டினாள்.

கியூரேட்டர் எழுதியதை அடித்தாள். புதிதாகத் தோண்டி எடுத்த சாமானைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அன்னபாக்கியம் குரலை உயர்த்தவே இல்லை.

“உமக்க மேசைக்குள்ள பூட்டி வச்சிருக்க எனக்க பாஸ்போர்ட்ட எடுத்துத் தாரும் அண்ணே. வெள்ளிக்கிழம நான் போணும்.”

தமிழில்தான் சொன்னாள். பாஸ்போர்ட் என்ற சொல் மேடத்துக்கும் புரிந்தது.