பொதுமக்கள் கருத்து

‘உழைத்து வரி கட்டுவது நாம், உட்கார்ந்து சாப்பிடுவது அகதிகளா? இனி ஒருத்தனுக்கும் ஒரு வேளைச் சாப்பாடுகூடப் போடக் கூடாது’ என்று தட்டி முடித்து, கீழே ‘ஓய்வு பெற்ற ராணுவ வீரர்’ என்று போட்டார் வாத்தியார். இதற்கு முந்தைய கருத்தை நான்கு பிள்ளைகள் பெற்ற இல்லத்தரசியாக இருந்து எழுதியிருந்தார். அடுத்தது வேலை கிடைக்காத பட்டதாரி.

சலவைக்கடைக்கு மேலே, ஜன்னல் திறக்க வராத அறை. அதில் ஆறு கம்ப்யூட்டர். எத்தனை அகதிகளைச் சேர்ப்பது, சேர்த்தவர்களுக்கு எவ்வளவு உதவி கொடுப்பது என்று நாடே அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த அடிதடியில் பாதி இந்த அறையில்தான் தயாரானது.

வாத்தியார் எழுதுவது எதிர்ப்பு. அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா எழுதுவது ஆதரவு. முதலாளி இரண்டு கட்சிகளிடமும் ஆர்டர் பிடித்திருந்தார். காலையெல்லாம் ‘உனக்கு மனசாட்சி இருக்கா’, ‘உனக்கு மூளை இருக்கா’ என்று இணையத்தில் கட்டிப் புரண்டுவிட்டு, மத்தியானம் இரண்டு பேரும் அக்காவின் டப்பாவைத் திறந்து பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள்.

"தேசத் துரோகின்னு என்னைத் திட்டினீங்களே, அது இணையத்துல பிச்சிக்கிட்டுப் போகுது. கொஞ்சம் பாத்துத் திட்டுங்க வாத்தியாரே, என் பொழப்பு போயிடும்," என்பார் அக்கா.

"நீங்க என்னைக் கல்நெஞ்சன்னு எழுதினதும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க," என்பார் வாத்தியார்.

முதலாளிக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு குறை. "உங்க எழுத்துல ஒரு தப்புகூட இல்லையே. பாடப் புத்தகம் மாதிரி இருக்கு. நம்ம ஜனங்க யாராவது இப்படி எழுதுவாங்களா? நாலு எழுத்தை மாத்திப் போடுங்க, அப்பத்தான் பொதுமக்கள்னு நம்புவாங்க."

வாத்தியார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். பிழையாக எழுதப் பழக அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. மற்றபடி முதலாளியைக் குறை சொல்ல அவருக்கு மனம் வராது. சான்றிதழ், அடையாள அட்டை என்று எதையும் கேட்காமல் வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்பாடு, வாடகையெல்லாம் பழசாயிடுச்சு. புதுசா ஒண்ணு வேணும். கர்ப்பமா இருக்கிற அகதிப் பொம்பளைங்களைப் பத்தி எழுதுங்க. பிள்ளை பெத்துக்கத்தான் இங்க வர்றாங்கன்னு போடுங்க."

வாத்தியாரின் விரல்கள் நின்றன. அவர் மனைவிக்கு அது ஏழாவது மாதம்.

"இது மட்டும் வேண்டாம் சார். வேற என்ன சொன்னாலும் எழுதறேன்."

"உங்களுக்கு வேண்டாம்னா விட்டுடுங்க. நாளையிலேருந்து வரவும் வேண்டாம்," என்று முதலாளி எழுந்துகொண்டார். குரலில் கோபமே இல்லை.

அக்கா திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எழுதிட்டுப் போங்க வாத்தியாரே. கையோட நான் கீழே நல்லதா ஒரு பதில் போட்டுடறேன். சரியாப் போயிடும்."

வாத்தியார் எழுதினார். ‘வயிறு வளர்க்க வந்தவங்க, இப்ப வயித்துலயும் வளக்குராங்க.’ மறக்காமல் ஒரு பிழையையும் விட்டுவைத்தார்.

சாயங்காலத்துக்குள் அந்த வரி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் அதைப் படித்துக் காட்டி, இதுதான் சாமானியனின் குமுறல் என்றார். அதற்கடுத்த நாள் ஒரு தலைவர் மேடையில் அதைத் தன் சொந்தச் சரக்காகவே எடுத்துவிட்டார். அக்கா போட்ட பதில்கள் இருந்த இடம் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளி கேக் வாங்கி வந்தார். "அரசாங்கம் இறங்கி வந்துடுச்சு. மக்கள் குரலுக்கு மதிப்புக் கொடுத்து ஏதோ செலவைக் குறைச்சிருக்காங்களாம். நாம ஜெயிச்சுட்டோம்."

"அப்போ நான் தோத்துட்டேனா சார்?" என்று கேட்டார் அக்கா.

"யார் சொன்னது? கண்டனம் எழுதச் சொல்லி உங்க பார்ட்டி டபுள் ஆர்டர் கொடுத்திருக்கான். நாமன்னு சொன்னது இந்த ஆபீஸை."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் தன் பங்குக் கேக்கைத் தாளில் பொட்டலமாக மடித்துக்கொண்டு எழுந்தார்.

"அஞ்சடிக்கப் போகுதா? ஒரு நிமிஷம் கூட இருக்க மாட்டீங்களே. லேட்டாப் போனா கதவைத் திறக்க மாட்டாங்களா வீட்டுல?" என்று கேலி செய்தார் அக்கா.

பதிலுக்குச் சிரித்து வைத்துவிட்டு வாத்தியார் படியிறங்கினார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு மனைவியின் முகத்தை நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. மூட்டை கட்டும் வேலைக்குப் போவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தார். இன்றைக்குக் கேக்கையாவது கொடுக்கலாம் என்று எட்டி நடந்தார்.

அவள் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது, மற்றொரு கையில் ஒரு காகிதம். பொட்டலத்தை நீட்டினார், அவள் வாங்கவில்லை.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

அவள் காகிதத்தை அவரிடம் கொடுத்தாள்.

"நம்ம மாதிரி அகதிங்களுக்கு முகாம்ல மாசமா இருக்கையில கொடுக்கற பால் இனிமே கிடையாதாம், பொதுமக்கள் வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம்ங்க."