தடுமாறும் குழந்தை தேவை

"வேற குழந்தை கொடுங்க டீச்சர்" என்றார் மேலாளர், சொத்தைக் காயைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பவர் போல.

ஆசிரியைக்குப் புரியவில்லை. "ஏன் சார், சேட்டை பண்றாளா?"

"இல்லை. நல்லாப் படிக்கிறா. அதான் பிரச்சினை."

பிரச்சினைதான். மேலாளரும் அவருடைய அலுவலகத்துக்காரர்களும் வாரம் ஒருமுறை ஒரே நிறச் சட்டையில் அந்தத் தொடக்கப் பள்ளிக்கு வந்து, ஆளுக்கொரு குழந்தையை வாசிக்கவைத்துத் தொண்டு செய்துகொண்டிருந்தார்கள். யாருடைய குழந்தை அதிகம் முன்னேறுகிறதோ, அவருக்கு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் கேடயம் என்று இயக்குநர் அறிவித்திருந்தார். காலியாக இருக்கும் பொது மேலாளர் நாற்காலியும் அவருக்குத்தான் என்பது அறிவிக்கப்படாத செய்தி. ஆகவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேலாளருக்கு வாய்த்த சிறுமியோ முதல் நாளே புத்தகத்தை மளமளவென்று வாசித்து மூடிவிட்டு, அடுத்தது இருக்கிறதா என்று கேட்டவள். ஏற்கெனவே மொட்டை மாடியில் நிற்பவளை எந்தப் படியில் ஏற்றுவது?

சக ஊழியர்களிடம் நைசாக விசாரித்துப் பார்த்தார். அவர்களுக்கும் இதே கதிதான். ஆக, தடுமாறுகிற குழந்தை ஒன்று கிடைத்துவிட்டால் போட்டியே இல்லை. கேடய விவரத்தை ஆசிரியையிடம் ஒளிக்காமல் சொன்னார். பக்கத்தில் புத்தகத்தோடு நின்ற சிறுமியை அவர் பொருட்படுத்தவில்லை.

"எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையே இங்க இல்லையா டீச்சர்?"

"நிறைய இருக்காங்க சார்."

ஆசிரியை பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார். தரையில் அரைவட்டமாகக் குழந்தைகள். ஒவ்வொரு வரியின் மேலும் ஒரு சின்ன விரல் ஊர்ந்துகொண்டிருந்தது. நன்றாகப் படிக்கிறவர்களைத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டால், அந்த ஒரு மணி நேரம்தான் இவர்களோடு நிம்மதியாக உட்கார முடிகிறது என்றார். நீங்கள் வருவது பெரிய உதவி என்று நன்றியும் சொன்னார்.

"அப்போ இதுல ஒண்ணை எனக்குத் தரலாமே?"

"எப்படி சார்? இவங்க நிஜமாவே படிக்கக் கத்துக்கணுமே."

மரியாதையாகத்தான் சொன்னார். கதவையும் மரியாதையாகத்தான் சாத்தினார்.

மேலாளர் தாழ்வாரத்துக்குத் திரும்பி, முழங்கால் மோவாயை இடிக்கும் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. சிறுமி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கவலைப்படாதீங்க சார். இன்னிக்கு நான் தப்புத்தப்பாப் படிக்கிறேன். விழாவுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாச் சரி பண்ணிடலாம்."

மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு முதல் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார்.