தூர்வாரல்

ஊராட்சித் தேர்தல் முடிந்ததிலிருந்து அந்தத் தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அடைத்துக்கிடந்த சாக்கடையைச் சேர்ந்து தூர்வாரலாம் என்று சவரிமுத்து வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். "அவனுவ வந்தா நாங்க வரமாட்டோம்" என்றுதான் இரண்டு பக்கத்திலும் சொன்னார்கள். மறுவாரம் கொட்டிய மழையில் சாக்கடைத் தண்ணீர் எல்லார் வீட்டுக்குள்ளும் ஏறியது. சவரிமுத்து மண்வெட்டியோடு தனியாக இறங்கினார்.

"நீரு யாருக்கு ஓட்டுப் போட்டீரு? அதச் சொல்லிட்டு வெட்டும்" என்று ஒருவன் வாசலிலிருந்து கத்தினான்.

சவரிமுத்து மண்வெட்டியை மறுபடியும் சேற்றில் இறக்கினார். அள்ள அள்ளச் சேறு சரிந்து வந்து அடைத்தது.

"யாராவது வாங்கய்யா, என்னால முடியல" என்று அலறினார்.

முதுகுக்குப் பின்னால் யாரோ தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. கைகொடுக்க வருகிறானா, கைவைக்க வருகிறானா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.