பேட்ஜுக்கு எந்தப் பூச்சு?

“தங்கப் பூச்சே போட்ருவோம் டீச்சர். சார் பேரு போட்ட பேட்ஜு, பளிச்சுன்னு இருந்தாத்தான் மதிப்பு” என்றார் சபரிநாதன்.

சிவகாசியில் பேட்ஜ், மெடல், ஷீல்டு எல்லாம் செய்து கொடுக்கும் கடை அவருடையது. எதிரே உட்கார்ந்திருந்த ஜாஸ்பின் சாத்தூரில் பள்ளி ஆசிரியை. அவளுடைய கணவர் செல்வநாயகம் வாலிபால் கோச். போன வருடம் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சபரிநாதன் அப்போது ஆர்டர் பிடிக்க வடக்கே போயிருந்ததால் அடக்கத்துக்கு வர முடியவில்லை.

இப்போது செல்வநாயகம் பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாலிபால் போட்டி நடத்தப் போகிறார்கள். ஆட வருகிற பிள்ளைகளின் சட்டையில் குத்திவிட பேட்ஜ் வேண்டும்.

“தங்கம் வேண்டாம் அண்ணாச்சி. வேற என்னென்ன இருக்கு?”

சபரிநாதன் மாதிரித் தட்டைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

“இது நிக்கல், வெள்ளி மாதிரி மின்னும். இது கறுப்பு நிக்கல். இது ஆன்டிக், பழைய பித்தளைச் சாமான் கணக்கா இருக்கும். இது மேட். மணலை வச்சு அடிச்சு மங்க வச்சது. மினுமினுப்பு இருக்காது, இப்ப நெறையப் பேரு கேக்குறாக.”

ஜாஸ்பின் எதையும் தொடவில்லை. தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞனிடம் தட்டை நகர்த்தினாள்.

“நீங்க எடுத்துப் பாருங்க.”

கடைக்குள் வந்ததிலிருந்தே அவன் யாரென்று சபரிநாதனுக்குக் குழப்பமாக இருந்தது. சொந்தக்காரன் ஜாடை தெரியவில்லை.

“தம்பி யாருன்னு சொல்லலியே டீச்சர்?”

“பேரு முனியராஜ். ஊரு எம்.புதுப்பட்டி.”

“என்ன சோலி பாக்குறீக தம்பி?”

“முன்னால வெடி ஆபீஸ்ல பட்டாசு செஞ்சுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. இப்ப வேலைக்குப் போகல.”

வேலை வெட்டி இல்லாதவன் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார் சபரிநாதன்.

முனியராஜ் நிக்கல் பேட்ஜை எடுத்தான். அது நழுவிக் கண்ணாடியில் விழுந்தது. மறுபடி எடுத்தான்.

“கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க” என்றாள் ஜாஸ்பின். “எப்படி இருக்கு?”

“வழுவழுன்னு இருக்கு டீச்சர்.”

மேட் பேட்ஜை அவளே எடுத்து அவன் கையில் வைத்தாள். “இது?”

அவன் பெருவிரலால் தேய்த்தான். திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

“சொரசொரன்னு இருக்கு. ஆமா, சொரசொரப்பு தெரியுது.”

“நெசமாவா? எனக்காகச் சொல்லலியே?”

“நெசமாத்தான் டீச்சர்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப மேட்டே போடுங்க அண்ணாச்சி.”

ஒரு பேட்ஜைத் தடவிச் சொன்னதற்கு இம்புட்டுச் சந்தோஷமா? சபரிநாதனுக்கு என்னவோபோல் இருந்தது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

“பின்னால ஊசி வைக்கவா, காந்தமா? காந்தம்னா சுளுவு. சட்டையில சும்மா ஒட்டிரலாம்.”

ஜாஸ்பின் முனியராஜைப் பார்த்தாள்.

“ஊசியே இருக்கட்டும் அண்ணாச்சி” என்றான் அவன். “பழகிருவேன்.”

“நீங்க எதுக்குப் பழகணும்?”

“பிள்ளைகளுக்கு இவருதான் குத்திவிடப் போறாரு” என்றாள் ஜாஸ்பின்.

“என்ன டீச்சர் இது? சாரோட கூடப் பிறந்த தம்பி இருக்காரு. கூட விளையாண்ட ஆளுக அம்புட்டுப் பேரு இருக்காக. அவுகள எல்லாம் விட்டுட்டு…”

“இவருதான் குத்தணும் அண்ணாச்சி. அதுல மாத்தம் இல்ல.”

சபரிநாதன் ஊசி வைத்த பழைய பேட்ஜ் ஒன்றையும் ஒரு துண்டுத் துணியையும் எடுத்துப் போட்டார். முனியராஜ் துணியைப் பிடித்து ஊசியை ஏற்றினான். முதல் தடவை வளைந்து போயிற்று. அடுத்த தடவை துணியைத் தாண்டி விரலில் ஏறிவிட்டது. சின்னதாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

“வலிக்குது டீச்சர்.”

ஜாஸ்பின் சட்டென்று அந்தக் கையை இழுத்து, கைக்குட்டையால் விரலை ஒற்றி, தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். அடுத்த கணம் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சபரிநாதன் எழுந்தேவிட்டார்.

“டீச்சர், இது நல்லால்ல. சார் போயி இன்னும் வருசம் திரும்பல. எங்களுக்கெல்லாம் அவரு மேல எம்புட்டு மரியாதை இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அவரு பேருல சாமான் செய்ய வந்த எடத்துல, அடுத்த ஆம்பள கையப் பிடிச்சுக்கிட்டு… நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?”

முனியராஜ் கூசிப்போய்க் கையை இழுக்கப் பார்த்தான். ஜாஸ்பின் விடவில்லை. அவளுக்குக் கோபமும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றி முழங்கைக்குக் கிட்ட சுருட்டிவிட்டாள். அங்கே கையைச் சுற்றி வளையம்போல் ஒரு தையல் தழும்பு ஓடியது. அதற்கு மேலே தோல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம்.

“வெடி விபத்துல இவருக்கு ரெண்டு கையும் போயிருச்சு அண்ணாச்சி” என்றாள். “இது எங்க வீட்டுக்காரர் கை.”