ஆச்சு என்று சொல்லாதவள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. ஒரு கோபத்தின் கதை சொல்கிறேன். கோபம் பெரியது, கதை சின்னது.

"ஆச்சு," என்றாள் இளையவள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் இல்லை.

கம்ப்யூட்டர்களை அடுக்கும் இரும்பு ரேக்குக்கு முன்னால் இருவரும் குந்தியிருந்தார்கள். நடுவில் சர்வர் மெஷின். ஆளுக்கொரு பக்கம் அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கனமான மெஷின் கீழ்வரிசைக்குத்தான் போகவேண்டும். மேலே ஏற்றினால் ரேக்கே ஆள்மேல் குப்புற விழும். வெளியே இழுத்து வைத்த இரண்டு இரும்புச் சட்டங்களில் அதை உட்கார வைக்கவேண்டும். உட்கார்ந்ததும் பூட்டிக்கொள்ள இந்தப் பக்கம் ஒரு கொண்டி, அந்தப் பக்கம் ஒரு கொண்டி.

தன் பக்கத்துக் கொண்டி விழுந்ததும் 'ஆச்சு' என்று சொல்வது அந்த வேலையின் வழக்கம். இரண்டு 'ஆச்சு'வும் காதில் விழுந்த பிறகுதான் கையை எடுக்கலாம். ஒருத்தி முந்திக்கொண்டால் கனமெல்லாம் மற்றவள் பக்கம் சாய்ந்துவிடும்.

"ஆச்சு!" இளையவள் மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் காரமாக.

இன்னும் ஒரு மெஷினும் ஓடத் தொடங்காத புது அறை. மூச்சு விட்டால் கேட்கும். கேட்டது மூச்சு மட்டும்தான்.

இவர்கள் ஓரகத்திகள். மூத்தவள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள், இளையவள் தம்பிக்கு. ஒரே வீடு, ஒரே கம்பெனி, வந்து போக ஒரே ஸ்கூட்டர். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேச்சு மட்டும் கிடையாது.

எல்லாம் ஒரு டி.வி.யால் வந்தது.

மூத்தவள் ஆசை ஆசையாக வாங்கியது. சுவரில் மாட்ட இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். மூத்தவளின் காலில் கரப்பான்பூச்சி ஏறியது. "ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் இளையவளின் கை தானாக விரிந்துவிட்டது. டி.வி. தரையில் கிடந்தது, முகமெல்லாம் கோடு கோடாக.

"ஏன்டி போட்ட?"

"நீங்க ஏன் கத்துனீங்க? யாராவது கத்துனா என் கை தானா விட்ருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அதோடு சரி. அன்றிலிருந்து ரசம் கேட்பதென்றாலும் கரண்டியிடம்தான் கேட்டார்கள்.

இன்று காலையிலும் அப்படியே. அட்டைப்பெட்டியின் மேல், இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது போல் ஒரு படம் போட்டிருந்தது. படத்தில் இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்படவில்லை. இளையவள் மெஷினைப் பார்த்து, "அந்தப் பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் கையைக் குடுத்தா தேவலை," என்றாள். மூத்தவளும் மெஷினைப் பார்த்தே, "குடுத்தா போடாம இருப்பாங்களான்னு கேளு," என்றாள்.

அந்தச் சொல் இளையவளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

இப்போது பார், மூத்தவள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

இளையவளுக்குத் தொடை நடுங்கியது. மணிக்கட்டு பிய்ந்துவிடும் போல வலித்தது. நிமிர்ந்து எதிரே பார்த்தாள். மூத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் சிவந்து, இமைக்காமல் இவளையே முறைத்துக்கொண்டிருந்தாள். அறை குளிர்ந்து கிடக்க, அவள் நெற்றியில் மட்டும் வேர்வை.

கொழுப்பு உருகுகிறது, என்று நினைத்துக்கொண்டாள் இளையவள்.

"வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கங்கக்கா. ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா கிரீடம் கீழ விழுந்துருமா?"

இளையவளுக்கு உச்சி மண்டையில் சூடு ஏறியது. எத்தனை வீம்பு! எதிரில் நான் செத்தாலும் வாயைத் திறக்கமாட்டாளாம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தாள்: விட்டுவிட்டால் என்ன? சாய்ந்தால் அவள் பக்கம்தானே சாயும். மெஷினை அவளே கட்டிக்கொண்டு அழட்டும்.

விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

"ஆகலடி."

அது மூத்தவளின் குரல் மாதிரியே இல்லை. தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

"கெட்டியாப் பிடிச்சுக்க. அப்படியே ஒரு நூல் மேல தூக்கு. மெதுவா."

ஆறு நாளைக்குப் பிறகு நேராக வாய் திறந்து, அதுவும் அதிகாரம்! பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள் இளையவள். மூத்தவளின் தோள் ஒருமுறை குலுங்கியது. மெஷின் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. டக்கென்று கொண்டி விழுந்தது.

"ஆச்சு," என்றாள் மூத்தவள்.

இளையவள் கையை எடுத்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் இன்றைக்குக் கேட்டே தீருவது என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

மூத்தவள் எழவில்லை. இடது கையை வலது கைக்குள் பொத்திக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கையுறையின் நடுவிரல் நுனி தட்டையாக இருந்தது. அதிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

அவள் பக்கத்துச் சட்டத்துக்கும் மெஷினுக்கும் நடுவில், அதே சிவப்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கறை.

இளையவள் முதல் 'ஆச்சு' சொன்னபோதே விரல் மாட்டியிருக்கிறது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" இளையவள் அலறினாள். தன் துப்பட்டாவைக் கிழித்துக்கொண்டே, அழுதுகொண்டே, இன்னும் சத்தமாகத் திட்டினாள். "இவ்வளவு நேரம் கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே! வாயைத் திறந்து ஒரு கத்து கத்துனா என்னவாம்?"

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் அப்படியே இருந்தது. ஒரு துளி குறையவில்லை.

"ஒரு டி.வி. போனது போதும்டி," என்றாள்.

உங்கள் வீட்டிலும் சண்டை வேண்டுமட்டும் நடக்கட்டும், கண்ணுகளா. பாத்திரம் உருளட்டும், கதவு அதிரட்டும். முறைத்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும், பத்து விரலும் பத்திரமாக, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேரட்டும்.