அமர்வுத் தலைவர்

"நாளைக்குக் கருத்தரங்குல முதல் அமர்வுக்கு நீதான் தலைவர்" என்று, துறையில் மூத்தவரான அழகுபாண்டி சொன்னதும் முனீஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை.

"எனக்குப் பழக்கமில்லையேண்ணே!"

"என்ன பெரிய வித்தை? நேரம் பாரு. பேசி முடிச்சவங்களைப் பாராட்டிப் பொன்னாடை போத்து. தலைவரா உக்காந்தவங்க மட்டும் கேள்வி கேக்கக் கூடாது, அம்புட்டுதான்."

மறுநாள் முதலில் பேச எழுந்தவர் அழகுபாண்டியேதான்.

"இந்த ஒப்பாரிகளைத் தேடி நான் ஊர் ஊராக அலைந்தேன்" என்று தொடங்கினார்.

திரையில் மாரடித்துப் பாடிய கிழவி முனீஸ்வரியின் அம்மா. படம் பிடித்தவள் முனீஸ்வரி. திருத்தித் தருவதாக அவர் வாங்கிப்போன அவளுடைய ஆய்வுதான் வரி மாறாமல் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கைதட்டல் அடங்கியதும் யாரோ பொன்னாடையை அவளிடம் நீட்டினார்கள். அழகுபாண்டி சிரித்த முகத்தோடு வந்து, வாகாகத் தோளைக் காட்டினார்.